மயக்கம் போட்டு விழுந்தால் எந்தப் புள்ளியை அழுத்துவது? பால்குடத்துக்கு முன் தெரிய வேண்டும்

சிப்புட்_தொண்டர்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவிலில் இளைஞர் அணியில் இருக்கிறேன். திருவிழா நெருங்கிவிட்டது. ஆற்றங்கரையில் பால்குடமும் காவடியும் எடுத்து, செம்பனைக் காட்டை ஒட்டிய தார் ரோட்டில் கோவில் வரை வெறுங்காலோடு நடந்து வருவார்கள். பலர் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம். வருஷா வருஷம் சிலர் மயங்கி விழத்தான் செய்கிறார்கள். போன திருவிழாவில் ஓர் அம்மா விழுந்தபோது யாரோ ஓடி வந்து மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் நகத்தால் அழுத்தினார், அந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் பையன்கள் எல்லாரும் அந்த இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

எந்தெந்தப் புள்ளி, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம்? இடம் மாறி அழுத்தினால் கெடுதல் உண்டா? இன்னொன்று, என் அம்மாவுக்குப் படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது. அதற்கும் புள்ளி இருந்தால் சொல்லுங்கள்.

ஈப்போ_விரல்கள்

தம்பி, ஈப்போவில் ஒரு சீன வைத்தியரிடம் கற்றுக்கொண்டு வருகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது ரென்சோங் புள்ளி, படங்களில் ஜிவி 26 என்று போட்டிருக்கும். மூக்குக்குக் கீழே உதடு வரை ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, அதை மூன்று பங்காக வைத்தால் மேல் பங்கு முடிகிற இடம். விரல் நுனியால் மூக்குத் தண்டை நோக்கி மேல்வாக்கில் அழுத்த வேண்டும், பல்லை நோக்கித் தள்ளக் கூடாது. சில விநாடி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துவார்கள். நகத்தால் தோலைக் கிழிக்கத் தேவையில்லை. மயங்கியவரை இந்த இடத்தில் அழுத்தி எழுப்பலாம் என்று 4ஆம் நூற்றாண்டிலேயே கோ ஹோங் என்ற சீன வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவு பழைய முறை.

தலைசுற்றலோடு குமட்டலும் இருந்தால் நெய்குவான், அதாவது பிசி 6. உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டு மடியும் முதல் கோட்டிலிருந்து முழங்கை பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி, நடுவில். விரலை மடக்கி மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே வளைத்தால் இரண்டு தசைநாண்கள் எழும்பி நிற்கும், அந்த இரண்டுக்கும் இடையிலான பள்ளம்தான். சிலருக்குப் பிறவியிலேயே அதில் ஒன்று இருக்காது, ஒன்று மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதன் கட்டைவிரல் பக்கத்து ஓரத்தில் தேடாமல் கையின் நடுக்கோட்டில் அழுத்துங்கள். அளக்கும்போது யாருக்குப் பார்க்கிறோமோ அவருடைய விரல்தான் கணக்கு. நம் விரலை வைத்து ஒரு சின்னப் பிள்ளைக்கு அளந்தால் இடம் எங்கேயோ போய்விடும். கட்டைவிரலால் வலி தாங்கும் அளவுக்கு இரண்டு மூன்று நிமிஷம், பிறகு அடுத்த கை.

உள்ளங்காலில் யோங்சுவான் இருக்கிறது, கால் விரல்களை மடக்கினால் முன்பக்கம் ஒரு குழி விழும், அங்கே. உச்சந்தலையில் பைஹுய், இரண்டு காது நுனியிலிருந்தும் மேலே கோடு இழுத்தால் சந்திக்கும் இடம். பிடரியில் மண்டையோட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் குழிகளை வெயிலில் வேலை செய்து தலை கனத்தவர்களுக்கு அழுத்திவிட்டால் நல்ல சுகம் தெரியும்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி

தம்பி, நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், புள்ளியைப் பிறகு பார்க்கலாம். உங்கள் தொண்டர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காமல் இருப்பது. எந்தக் கோவிலுக்குப் போனாலும் இதைத்தான் பார்க்கிறேன். ஒருவர் சரிந்ததும் நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, வாயில் தண்ணீரை ஊற்றுவார்கள். இந்த ஒவ்வொன்றும் தப்பு.

நின்றுகொண்டே இருந்தவருக்கு ரத்தம் காலில் தங்கிவிட்டது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிட்டன, மூளைக்குப் போதுமான ரத்தம் போகவில்லை, அதனால் விழுந்தார். விழுந்து தரையோடு தரையாகக் கிடப்பதுதான் அவர் உடம்புக்கு அப்போது வேண்டிய வைத்தியம். அவரை நிமிர்த்தினால் ரத்தம் மறுபடி கீழே போகும். உட்கார வைத்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் வெட்டி இழுக்கவும் செய்யும், அதைப் பார்த்து வலிப்பு என்று பயந்து கையில் சாவியைத் திணிப்பார்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். காலை ஒரு முழம் உயர்த்திப் பிடியுங்கள். இடுப்புத் துணி, கழுத்து மாலை, கையில் கட்டியது எதுவாக இருந்தாலும் இறுக்கமானதைத் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். மூச்சு இருக்கிறதா என்று நெஞ்சைப் பாருங்கள். வாந்தி வந்தால் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். முழு நினைவு வந்து, அவரே கோப்பையைக் கையில் பிடிக்கும் வரை வாயில் ஒரு சொட்டும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பழைய_லயம்

மிஸ்ஸி அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் புள்ளியை இப்படி ஓரம் கட்டுவதும் சரியில்லை என்று படுகிறது. பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில் நாங்கள் லயத்தில் இருந்தவர்கள். ஆம்புலன்ஸ் கிடையாது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ஸர், அவரும் பாதி நாள் வேறு டிவிஷனில் இருப்பார். காண்டா கட்டி, அதாவது தோள் கம்பில் வாளி மாட்டிப் பால் தூக்கி வரும் பெண்கள் நிறுவைக் கொட்டகையில் மயங்கி விழுவார்கள், விடிவதற்கு முன்னால் போன வயிறு, உச்சி வெயில். பெரியவர்கள் மூக்குக்குக் கீழே அழுத்தி, கால் பெருவிரலைச் சொடுக்கி, கோடாலித் தைலத்தை மோந்து பார்க்கக் காட்டி எழுப்பிவிடுவார்கள். எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். என் கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மை. எழுந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. சாதாரண மயக்கத்தில் விழுந்தவர் தரையில் கிடந்தால் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தானாகவே கண் திறப்பார். நாம் ஓடிப் போய்ச் சேர்ந்து, குனிந்து, இடம் பார்த்து அழுத்துவதற்குள் அந்த நேரம் வந்துவிடுகிறது. அப்போது எங்கே அழுத்தினாலும் அந்த இடத்துக்குப் பேர் கிடைக்கும். மூக்குக்குக் கீழே வலி நன்றாக உறைக்கும், அரை மயக்கத்தில் இருப்பவரை அந்த வலி விழிக்க வைக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். படுக்க வைத்து, காலை உயர்த்தி, மூச்சைப் பார்த்த பிறகு ஒருவர் அங்கே அழுத்தினால் நான் கையைத் தட்டிவிட மாட்டேன்.

எனக்குப் பயம் வேறு. விழுந்தவர் மயக்கத்தில் விழவில்லை, இதயம் நின்று விழுந்திருக்கிறார் என்று வையுங்கள். மூச்சு இருக்காது, அல்லது எப்போதாவது ஒரு தடவை வாயைத் திறந்து இழுப்பார், அது மூச்சு ஆகாது. நெஞ்சை அழுத்தும் முதலுதவி இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உதட்டுக்கு மேலே புள்ளி தேடிக்கொண்டிருந்தால் அந்த மனிதர் போய்விடுவார். பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 999 அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து 5 செண்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. இதை உங்கள் பையன்களில் பாதிப் பேருக்காவது சொல்லிக்கொடுங்கள் தம்பி, கேட்டுக்கொள்கிறேன்.

வர்மம்_பயில்பவன்

சீனப் புள்ளிகளைப் பற்றியே பேசுகிறோமே என்று எழுதுகிறேன். நம்மிடம் வர்மம் இருக்கிறது. என் தாத்தா கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்தவர், அந்த வழியில் நானும் ஆசானிடம் பயில்கிறேன். மொத்தம் 108 என்பது வழக்கு, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டு நினைவு தப்பியவரை மீட்க இளக்குமுறை, அடங்கல் என்று தனிப் பாடமே உண்டு. அழுத்தத்தையே மாத்திரை என்று அளந்து, எத்தனை மாத்திரை, எந்த விரல், எந்தத் திசை என்று சொல்லித் தருவார்கள்.

அதனாலேயே சொல்கிறேன், கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு யாரும் கழுத்துப் பக்கம் கை வைக்காதீர்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் நாடி துடிக்கும் இடத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு இறங்கும், மயக்கம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் ஆழமாகப் போகும். தம்பி கேட்ட "இடம் மாறினால் கெடுதலா" என்பதற்கு என் பதில், கை, கால், உதட்டுக்கு மேல் மாறினால் பெரிய கெடுதல் இல்லை, கழுத்தில் மாறினால் உண்டு.

கிளினிக்_எம்ஏ

அரசாங்க கிளினிக்கில் எம்ஏ, அதாவது மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். பால்குடத்தில் மயங்குபவர்களில் எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இனிப்புநீர்க்காரர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. உங்கள் ஊர்வலத்தில் நூறு பேர் நடந்தால் எத்தனை பேர் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, அல்லது கிளிக்கிளசைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, சாமிக்காகச் சாப்பிடாமல் வருகிறார்கள். ரத்தத்தில் சீனி லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, பசி, பேச்சு குழறல், கோபம், அப்புறம் மயக்கம். இதைச் சிலர் அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள், எனக்கு வயிறு கலங்கும்.

நினைவு இருந்தால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், இனிப்புப் பானமும் ஆகும். சீனி போடாதது என்று எழுதிய டின் வேண்டாம். 15 நிமிஷம் பொறுத்துப் பாருங்கள், தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரி. எந்தப் புள்ளியும் ரத்தத்தில் சீனியைக் கொண்டு வந்து சேர்க்காது.

வெயில் அடித்துக் குழம்பிப் பேசுபவர், உடம்பைத் தொட்டால் கொதிப்பவர், அது வேறு கேஸ். உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள், 999 கூப்பிடுங்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றத் தயாராக வைத்திருக்கும் குடங்கள் அங்கேயே இருக்குமே, அதையே ஊற்றலாம்.

மருந்தடிக்கும்_அக்கா

கோவில் விஷயத்தில் நான் நுழையலாமா தெரியவில்லை. நான் செம்பனையில் புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் கேங்கில் இருக்கிறேன். சில நாள் பத்து மணிக்கு மேல் தலை சுற்றும், வாயில் எச்சில் ஊறும், கண் மங்கும். கூட வேலை செய்யும் அக்கா மணிக்கட்டில் அழுத்திவிடுவார், கொஞ்சம் குமட்டல் குறையும், மறுபடி முதுகில் மருந்துத் தோம்பை (தெளிப்பான் தொட்டி) மாட்டிக்கொண்டு போய்விடுவோம். இதற்கு இன்னும் நல்ல புள்ளி இருக்கிறதா?

கிளினிக்_எம்ஏ

அக்கா, அடுத்த தடவை அப்படி வந்தால் மறுபடி தோம்பை மாட்டாதீர்கள். நீங்கள் சொன்ன எச்சிலும் கண் மங்கலும் சும்மா வருகிற தலைசுற்றலில் இருக்காது. சில பூச்சி மருந்துகள், ஆர்கனோபாஸ்பேட் வகை, தோல் வழியாகவே உடம்புக்குள் போய் நரம்பைப் பிடிக்கும். வேர்வை கொட்டும், எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தசை துடிக்கும், நெஞ்சு இறுக்கும். உடனே வேலையை நிறுத்தி, துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, மருந்து டின்னின் லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுக்க முடியும். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

பராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் மற்றவை ஒன்றும் பால் அல்ல. கையுறை, மூக்குக் கவசம், நீளச் சட்டை கேட்பது உங்கள் உரிமை. தோட்ட நிர்வாகம் கொடுக்கவில்லை என்றால் கங்காணியிடம் தனியாகச் சொல்லாமல் நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள்.

மருந்தடிக்கும்_அக்கா

நாளைக்கே கேங்கில் சொல்கிறேன் தம்பி. இதுவரை யாரும் இப்படி எடுத்துச் சொன்னதில்லை.

காது_பிரச்சினை

தொண்டர் தம்பியின் அம்மாவுக்காக எழுதுகிறேன். படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து கொடியில் துணி போடும்போது மட்டும் அறையே சுழன்று, ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறதா? அப்படியானால் காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புக் கற்கள் இடம் மாறியிருக்கலாம். எனக்கு அதுதான். பிடரியிலும் மணிக்கட்டிலும் பல நாள் அழுத்தினேன், குமட்டல் குறைந்தது, சுழற்சி நிற்கவில்லை. காது டாக்டர் என்னைப் படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் தொங்கவிட்டு, படிப்படியாக மறுபக்கம் திருப்பி எழுப்பினார், நின்றுவிட்டது. எப்ளி முறை என்றார். ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் 1992-இல் எழுதிய முறை, மாத்திரைகூட இல்லை. முதலில் எந்தக் காது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் வீட்டில் தானாகச் செய்யக் கூடாது.

தலைசுற்றலோடு வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், நிற்கவே முடியாவிட்டால் அது காது இல்லை. பக்கவாதம். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஓட வேண்டும்.

பழைய_லயம்

அப்படியானால் புள்ளியால் ஒரு பயனும் இல்லை என்று முடித்துவிட்டீர்களா?

ஈப்போ_விரல்கள்

இல்லை ஐயா. மணிக்கட்டுப் புள்ளியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலும் வாந்தியும் அந்த இடத்தைத் தூண்டினால் குறைகிறது என்று காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் சொல்லியிருக்கிறது, மருந்து சாப்பிடுவதற்கு ஏறக்குறைய ஈடாக. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் அழுத்திவிடுகிறேன். மயக்கத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, என் வைத்தியரே கீழே விழுந்தவரை முதலில் படுக்கத்தான் வைப்பார்.

தொண்டர் தம்பிக்கு இதைவிடப் பயனானது ஒன்று. கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, வேர்க்கிறது என்று ஒருவர் சொன்னால் விழுவதற்கு முன்னால் சில நொடிகள் கையில் இருக்கின்றன. படுக்கச் சொல்லுங்கள். வரிசையில் படுக்க இடமில்லையா, குந்தச் சொல்லுங்கள், அல்லது காலைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்கி நிற்கச் சொல்லுங்கள். காலில் தங்கிய ரத்தத்தைத் தசை பிழிந்து மேலே அனுப்பும். அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2019-இல் வெளியிட்ட முதலுதவிக் குறிப்பில் இது இருக்கிறது. நெஞ்சுவலி இருப்பவருக்கு இது வேண்டாம். பத்து மலையில் 272 படி ஏற வரிசையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவர்களுக்கும் இதையே சொல்வேன், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே நில்லுங்கள்.

சிப்புட்_தொண்டர்

எல்லாருக்கும் நன்றி. அம்மாவை ஈப்போவில் காது டாக்டரிடம் காட்ட எழுதி வாங்கப் போகிறோம். கோவில் தலைவரிடமும் பேசிவிட்டேன். விரதத்துக்குப் பேர் எழுதும் மேசையிலேயே இனிப்புநீர் இருக்கிறதா, காலையில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு, இருப்பவர்கள் கையில் மஞ்சள் கயிறோடு ஒரு சிவப்பு நூலும் கட்டப் போகிறோம், விழுந்தால் பார்த்ததும் தெரியும். பால் குடித்து விரதம் இருப்பதில் சாமி குத்தம் இல்லை என்று பூசாரியே மைக்கில் சொல்வதாக ஒத்துக்கொண்டார். வழியில் மூன்று இடத்தில் பந்தல், பாய், தண்ணீர்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த வருஷம் ஆறேழு மாதக் கர்ப்பிணி ஒருவர் பால்குடம் எடுக்கிறார், நேர்த்திக்கடன், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவருக்குத் தலை சுற்றினால் இதே மாதிரி மல்லாக்கப் படுக்க வைக்கலாமா, கையில் அழுத்தலாமா?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி

மல்லாக்க வேண்டாம் தம்பி. ஐந்து மாதம் தாண்டினால் கர்ப்பப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயை அமுக்கும், மயக்கம் கூடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கு ஒரு சுருட்டிய சேலையை அணை கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள புள்ளியும், உள் கணுக்காலுக்கு மேலே உள்ள புள்ளியும் கர்ப்பிணிக்கு ஆகாது என்று சீன வைத்தியர்களே விலக்கி வைத்திருக்கிறார்கள், ஈப்போ தம்பிக்கும் தெரிந்திருக்கும். மணிக்கட்டுப் புள்ளி பரவாயில்லை.

வயிற்று வலி, ரத்தப் போக்கு, கடும் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் பந்தலில் வைத்திருக்காமல் காரில் ஏற்றுங்கள். குடத்தை ஆற்றங்கரையிலிருந்து இல்லாமல் கடைசிப் பந்தலிலிருந்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள், மாமியாரை விட்டுச் சொன்னால் கேட்பார். கர்ப்ப காலப் பதிவு இருக்கும் பிங்க் புத்தகத்தை யாராவது ஒருவர் பையில் வைத்துக்கொண்டு கூடவே நடக்கட்டும்.

ஈப்போ_விரல்கள்

ஆமாம் மிஸ்ஸி அம்மா, அந்த இரண்டையும் எங்கள் வைத்தியர் கர்ப்பிணிக்குத் தொடவே விடமாட்டார். தம்பி, திருவிழா அன்று நானும் வருகிறேன், நடுப் பந்தலில் போடுங்கள்.